கோப்பிக் கடையில் பேச வேண்டிய சொற்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் கிளம்புவதற்குள் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் சர்க்கரைக்கு மாத்திரை எவ்வளவு முக்கியமோ, இவையும் அவ்வளவு முக்கியம்.

இங்கே ‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால், மில்க்மெய்டு போன்ற இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றித்தான் தருவார்கள். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இராது. ‘ஓ’ ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. ஆனால் சர்க்கரை இருக்கும்! கறுப்பாக இருக்கிறதே என்று நம்பிக் குடித்துவிடாதீர்கள். ‘கோசோங்’ என்று கூடவே சொல்ல வேண்டும். அது மலாய்ச் சொல். காலி என்று பொருள். ஆக, உங்களுக்கு ‘கோப்பி ஓ கோசோங்’.

பால் வேண்டுமானால் ‘கோப்பி சி கோசோங்’. ‘சி’ என்றால் இனிப்பில்லாத டின் பால். கார்னேஷன் (Carnation) என்ற பால் டின்னின் ஆங்கில முதலெழுத்து அது என்பார்கள். ஹைனான் மொழிச் சொல் என்பவர்களும் உண்டு. அந்த ஓரெழுத்து விட்டுப்போனால் கெட்டிப்பால் வந்துவிடலாம். இன்னொன்று, இங்கே வழக்கமாகக் காப்பிக்கொட்டையையே சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுத்தான் வறுப்பார்கள். நாளுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

அம்மாவுக்கு ‘தே சி சியூ தாய்’ பிடிக்கும்: இனிப்புக் குறைத்த பால் டீ. திக்காக வேண்டுமென்றால் ‘காவ்’, லைட்டாக ‘போ’, ஐஸ் போட்டால் ‘பெங்’. வரிசையும் உண்டு: முதலில் பானம், அடுத்து பால், பிறகு திடம், இனிப்பு, கடைசியில் ஐஸ். ‘கோப்பி சி காவ் சியூ தாய் பெங்’ என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைக்காரர் திருப்பிக் கேட்கமாட்டார். பார்சலுக்கு ‘தாபாவ்’.

‘தாக் கியூ’ என்று யாராவது கேட்டால் அது மைலோ. பந்து உதைப்பது என்று அர்த்தம். பழைய மைலோ டின்னில் பந்து உதைப்பவர் படம் இருந்ததாம். இப்படிப் பெயர் வைப்பவர்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் சொற்களும் இங்கே கலந்து கிடக்கின்றன. மலாயில் கடைக்குப் பெயர் ‘கெடாய்’, கப்பல் ‘கப்பால்’. அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் சின்னப் பெட்டிக்கடையை எல்லா இனத்தாரும் ‘மாமா ஷாப்’ என்கிறார்கள். ‘குண்டு’ மட்டும் பொருள் மாறிவிட்டது: இங்கே அது முட்டாள். பேரனை வெளியில் வைத்துக் ‘குண்டுப் பயலே’ என்று கொஞ்ச வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்து போனதல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள். அதற்கு ‘சோப்’ என்று பெயர். எடுக்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். அம்மா கைப்பையில் இரண்டு பாக்கெட் வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்