அணு ஆயுதத்துக்கு ஆகும் செலவைச் சொல்லுங்கள்

நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் அருவங்காடு கார்டைட் வெடிமருந்து பேக்டரி, இன்னொரு பக்கம் வெலிங்டன் ராணுவ முகாம். ராணுவத்திலோ பேக்டரியிலோ சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத வீடு இங்கே குறைவு, அதனால் இதைப் படைக்கு எதிரான மடலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அணுகுண்டு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கும் வரவில்லை. நான் கேட்பது, அடுத்த பத்து வருடத்துக்கு அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது மட்டும்தான். எங்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து தடுப்புச் சுவர் கட்டினால்கூட டெண்டரில் தொகை போடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பத்தாண்டுக் கணக்கு போட்டு வெளியிடுகிறது. 2023-இல் சொன்னது 75,600 கோடி டாலர், 2025-இல் 94,600 கோடி. அதில் 12,900 கோடி, எப்படியும் திட்டங்கள் போட்ட கணக்கைத் தாண்டும் என்று முன்கூட்டியே சேர்த்தது! அவர்களுடைய புது அணு ஏவுகணையான சென்டினலின் செலவு 81 சதவீதம் எகிறியதும் 2024-இல் வெளியே வந்தது. திட்டத்தை நிறுத்தவில்லை, சரி, ஆனால் ஏன் என்று கேட்கவாவது முடிந்தது.

இங்கே ஏவுகணை உருவாக்குவது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவிடம், குண்டு அணுசக்தித் துறையிடம். அந்தத் துறை உங்கள் குழுவின் வரம்பிலேயே இல்லை, அறிவியல் தொழில்நுட்ப நிலைக்குழுவிடம் இருக்கிறது. அப்புறம் முழுத் தொகையையும் சேர்த்துப் பார்ப்பது யார்?

செய்து வைத்துவிட்டால் செலவு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. முடியாது. வெடிப்பைக் கூட்ட ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த குண்டு என்றால், பன்னிரண்டு வருடத்தில் அந்த ட்ரிட்டியம் பாதியாகிவிடும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2016-இல் அரிஹந்த், 2024-இல் அரிகாத் என்று அணு நீர்மூழ்கிகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் மாலுமிகள், பழுதுபார்ப்பு, கடைசியில் உலையைப் பிரித்துப் பத்திரப்படுத்துவது வரை செலவு உண்டு. 2024 மார்ச்சில் ஒரே அக்னி-5 ஏவுகணையிலிருந்து பல இலக்குகளுக்குத் தனித்தனிக் குண்டுமுனைகளை அனுப்பும் சோதனையும் நடந்தது, இனி ஓர் ஏவுகணைக்கு எத்தனை குண்டு என்ற கேள்வி வரும். 2003-இல் அரசு அறிவித்த கொள்கையோ, எதிரியைத் தடுக்க நம்பகமான அளவுக்குக் குறைந்தபட்ச அணு ஆயுதம் போதும் என்பது. அந்த அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்று செலவு தெரியாமல் எப்படிச் சொல்வது?

எத்தனை குண்டு, எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. உங்கள் கூட்டங்கள் எப்படியும் மூடிய அறையில்தான் நடக்கின்றன. மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும்போது இரண்டு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கேளுங்கள், மொத்தத் தொகையை மட்டும் அறிக்கையில் போடுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வாக்காளர் ஒருவர்