ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் பாருங்கள்

வேலூர் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவினருக்கு வணக்கம்.

ராணிப்பேட்டையில் காலணி சோல் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் நுரைப்பொருள்களோடு புழங்குபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கிரீன் சர்க்கிளிலும் காட்பாடி சாலையிலும் நான் பார்த்த சோதனைகள், தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகின்றன. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சாலையோரம் விற்ற ஒரு ஹெல்மெட்டின் உள்துணியை விலக்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஓட்டில் நேரடியாக ஒட்டிய ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். கட்டைவிரலால் அழுத்தினால் ஓடு வரை இறங்கியது. விரலை எடுத்ததும் எழும்பியது. செருப்புக்கு அந்தக் குணம் வேண்டும். லட்சம் முறை மிதித்தாலும் சோல் அமுங்கி எழவேண்டும். தலைக்கோ, அடிபட்டதும் நொறுங்கி, நொறுங்கியபடியே கிடக்கும் நுரைதான் வேண்டும். நல்ல ஹெல்மெட்டில் இருக்கும் கெட்டித் தெர்மாகோல் அத்தகையது. அதன் நுண்ணறைகளின் சுவர்கள் மடிந்து சிதையச் சிதைய, தலை மீதான விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. மோதலின் ஆற்றல் அந்தச் சிதைவிலேயே செலவாகிறது. ஸ்பாஞ்ச் எதிர்ப்பே காட்டாமல் அமுங்கிவிட்டு, கடைசியில் முழு அடியையும் மண்டையில் இறக்குகிறது.

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் இருக்கும். நுரை 25 மி.மீ. நசுங்கி அதைச் சீராக நிறுத்தினால், வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சராசரியாக 60 மடங்கு. 5 மி.மீ.க்குள் நிறுத்தினால் 300 மடங்கு! பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் அந்த 20 மி.மீ. இடைவெளியில் இருக்கிறது.

2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ். 4151 தரத்துக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே தடை இருக்கிறது. அப்படியிருக்க, சாலையில் போகிறவரை மட்டும் சோதித்துவிட்டு, விற்பவரைக் கண்டுகொள்ளாமல் இருப்பது நியாயமா? போலி முத்திரையும் ஒட்டி விற்கிறார்கள் என்பதால், ஸ்டிக்கரை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். விற்கும் இடத்துக்கே போய் உள்துணியை விலக்கிப் பாருங்கள். தெர்மாகோல் இல்லாதவற்றைப் பறிமுதல் செய்யுங்கள்.

விழிப்புணர்வு முகாம்களில் இரண்டு செய்திகளைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒருமுறை பலமாக மோதிய ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மீண்டும் உதவாது. நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. பெட்ரோல் தெர்மாகோலைக் கரைத்துவிடும். கறை போக்கப் பெட்ரோலைத் தொட்டு ஹெல்மெட்டைத் துடைக்கவே கூடாது.

இப்படிக்கு,
தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வரும் ஒரு தொழிலாளி