சீட்டை அரை சென்டிமீட்டர் இறக்கிப் பார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்றதும் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே இடுப்பு வலியால் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

போன வருஷம் எனக்கும் இதே கதை. பத்து கிலோமீட்டர் தாண்டினால் இடுப்பு இறுகும். இறங்கினால் நிமிர முடியாது. வயசாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, தைலம், ஒத்தடம், பெல்ட் என்று அலைந்தேன். ஒருநாள் பின்னால் ஓட்டிவந்த மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, ஒவ்வொரு மிதிக்கும் உங்க இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுதே!" சீட்டு உயரம் அதிகம். கீழே போகும் பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு சரிகிறது. நிமிஷத்துக்கு 70 சுற்று என்றாலும் மணிக்கு 4,200 தடவை. முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வை. பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும். நான் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கினேன். ஒரேயடியாக அல்ல, தடவைக்கு அரை சென்டிமீட்டர், நடுவில் சில நாள் ஓட்டிப் பார்த்து.

சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தாலும் முதுகு கூனும். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூக்கை 10 முதல் 15 டிகிரி கீழே சாய்த்ததில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு சாய்த்தால் பாரமெல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. மட்டத்துக்குச் சற்றே கீழே, அதுவே போதும். ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அதையும் கொஞ்சம் உயர்த்து.

அப்புறம் உன் கியர் வீம்பு! மேட்டிலும் கனமான கியரிலேயே மிதிப்பாய், எனக்குத் தெரியாதா? லேசான கியரில் வேகமாகச் சுற்று. கால் மணிக்கொரு தரம் எழுந்து நின்று மிதி. வீட்டில் பிளாங்க் (முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), தொடையின் பின்பக்கத்தை நீட்டும் பயிற்சி. சலிப்பான வேலைதான், எனக்கும் வாரத்தில் பாதி நாள் தவறிவிடும்.

ஆனால் வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ சீட்டைத் திருகிக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார். சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே ஓடு.

ஒன்று மறந்துவிட்டேன். சீட்டுக் குழாயில் பழைய உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுத் தொடங்கு. நான் ஒட்டாமல் ஆரம்பித்து, எங்கிருந்து இறக்கினேன் என்றே தெரியாமல் இரண்டு நாள் தடுமாறினேன்.

உன்
கண்ணன்