ஐந்து மணிச் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே, இங்கே எல்லோரும் சுகம். வட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீ வாசிப்பதில்லை, குரலில் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். அதனால் பழைய மாதிரி கொப்பித் தாளில் எழுதுகிறேன். மேல்மாடி ராணி அன்ரியின் மகள் 14ஆம் திகதி மெல்பேர்ன் வருகிறாளாம். வறுத்த தூளோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். லிஃப்ட் மறுபடி பழுது. நாலு மாடி ஏறி இறங்கி முழங்கால் போய்விட்டது. வேறு புதினம் இல்லை.

ஒரு உதவி வேண்டும். புதிதாக உளவளத்துணை படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் நான் ஒரு மணித்தியாலம் பேச வேண்டும். தலைப்பை அவர்களே தந்துவிட்டார்கள்: மனநலச் செயலிகளிடம் நாங்கள் படிக்க என்ன இருக்கிறது? இருபத்தாறு வருடம் ஆட்களுக்கு முன்னால் கதிரையில் இருந்து கேட்டவளிடம், போனிடம் என்ன படித்தாய் என்று கேட்கிறார்கள். முதலில் கோபம்தான் வந்தது. நீ கம்பியூட்டர்காரன், கீழே எழுதுவதில் பிழை இருந்தால் திருத்தித் தா.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன பழைய போன் நன்றாக வேலை செய்கிறது. ஒரே ஒரு விஷயம். பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும் நேரம் பார்த்து அது ஒரு சத்தம் போடும். ‘இன்று எப்படி இருக்கிறாய்?’ என்று ஆங்கிலத்தில் வரும், கீழே வரிசையாக ஐந்து முகங்கள். முதலில் நாலு மணிக்கு வந்தது. சித்திரையில் உங்கள் ஊர் மணிக்கூட்டைத் திருப்பிய பிறகு ஐந்து மணிக்கு வருகிறது. கேள்வி எனக்கில்லை, உனக்கு என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே இரவு ஒன்பதரை. நான் அதைத் தொடுவதில்லை, விரலால் தள்ளிவிடுவேன். ஒன்பதரைக்கு நீ சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குப் படு.

பேச்சை 1966 இலிருந்து தொடங்கப் போகிறேன். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்று ஒரு நிரல் எழுதினார். நாங்கள் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிப் போடும், வேறு ஒன்றும் தெரியாது. அவர் அதைச் செய்துகொண்டிருந்ததை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளர், சில வரி தட்டியதும், ‘கொஞ்சம் வெளியே போகிறீர்களா?’ என்று அவரையே கேட்டாராம். மனிதர் அதிர்ந்துபோனார். கம்பியூட்டரை இப்படி நம்பாதீர்கள் என்று பிறகு காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் இந்தக் கதையைச் சிரிப்பதற்குச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடிபட்டது அந்தப் பெண்ணுக்கு அறைக்கதவைச் சாத்த வேண்டியிருந்தது என்பதுதான்.

கொழும்பில், இந்த வெள்ளவத்தையில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது? என்னிடம் வந்த ஒரு பிள்ளை காலி வீதியில் இரண்டு தரிப்பு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவாள். கையில் கணக்குக் கொப்பி. படியில் யாராவது மாமி கண்டால் டியூஷன். மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஏச்சாகிப்போன நாடு இது, அவளைக் குறை சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் இருந்து கேட்கும் போனுக்கு முன்னால், ‘செவ்வாய் மூன்றரைக்கு வாருங்கோ’ என்று எழுதிக் கொடுக்கும் என் துண்டு எம்மாத்திரம்? வாரத்தில் 168 மணித்தியாலம். அதில் என் பங்கு ஒன்று. மிச்சம் 167 இலும் அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்று நான் விசாரித்தது குறைவு.

அதற்காகச் செயலியைத் தூக்கித் தலையில் வைக்கவும் போவதில்லை. வோபொட் என்று, ஆட்களோடு எழுத்தில் கதைக்கும் மனநலச் செயலி ஒன்று இருந்தது. 2017 இல் 70 இளம் ஆட்களை வைத்து இரண்டு வாரம் சோதித்தார்கள், மனச்சோர்வு குறைந்தது என்று எழுதினார்கள். அதையே 2025 ஜூன் 30 ஆம் திகதியோடு மூடிவிட்டார்கள். நான் லீவு போடுவதென்றாலும் மூன்று வாரம் முன்னால் சொல்லி, இன்னொருவரிடம் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் போவேன். அப்புறம், 93 செயலிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2019 இல் வந்தது. இறக்கியவர்களில் முப்பதாம் நாளும் திறந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அதைப் பார்த்தால், ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் முகம் போடும் உன்னை மாதிரி ஆள் அபூர்வம். சின்னனிலேயே நீ அப்படித்தான், பல்லுத்தீட்டாமல் படுக்கமாட்டாய். அந்த ஒழுங்கு எனக்குப் பெருமை. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு ஒழுங்கை வீட்டுக்குப் போன் எடுப்பதில் காட்டியிருக்கலாம்.

இன்னொரு குறை, அந்த ஐந்து முகங்களில் எங்கள் சனத்தின் முகம் இல்லை. எங்கள் ஆட்கள் கவலை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு அடைக்குது என்பார்கள், தலைக்குள்ளே விறைக்குது என்பார்கள், ‘ஒரே யோசனை’ என்பார்கள். யோசனைக்கு எந்த முகத்தை அழுத்துவது?

சரி, படிக்க வேண்டியதற்கு வருகிறேன். 2005 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை கொடுப்பவர்களிடம், நீங்கள் பார்க்கும் 550 பேரில் யார் யார் முன்பைவிட மோசமாவார்கள் என்று கேட்டார்கள். மூன்று பேரைக் காட்டினார்கள். உண்மையில் மோசமானது 40 பேர். எல்லோரும் படித்தவர்கள், அனுபவசாலிகள். எங்களுக்கு முன்னால் அழுதுவிட்டு, ‘நன்றி மிஸ்’ என்று எழும்பிப் போகிறவர்களை நாங்கள் சுகமானவர்கள் என்று எண்ணிவிடுகிறோம். செயலி ஒவ்வொரு முறையும் ‘இது உதவியதா?’ என்று வெட்கமில்லாமல் கேட்கிறது. நான் கேட்டதில்லை. கேட்டால் என் மரியாதை குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ-9 என்று ஒரு தாள் இருக்கிறது, உனக்கும் தெரிந்திருக்கும், பல செயலிகளில் அதுதான் வரும். ஒன்பது கேள்வி, போன இரண்டு வாரத்தைப் பற்றி. முதல் எட்டையும் என் மாணவிகள் கிளிப்பிள்ளை மாதிரிக் கேட்பார்கள். ஒன்பதாவது வந்ததும் பேனையை உருட்டத் தொடங்குவார்கள். சாவைப் பற்றிய கேள்வி அது. கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பயம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, கேளுங்கள் என்று வருடக்கணக்காக அவர்களுக்குக் கத்தியிருக்கிறேன். செயலிக்கு அந்தப் பயம் இல்லை. எட்டு முடிந்தால் ஒன்பது.

நீ எந்தச் செயலி வைத்திருந்தாலும் கவனம் என்று எழுத இருந்தேன். இணையத்தில் உளவளத்துணை விற்ற ஓர் அமெரிக்கக் கம்பனி, ஆட்கள் நிரப்பிக் கொடுத்த விபரத்தை விளம்பரத்துக்காக முகநூல் போன்றவர்களுக்குக் கொடுத்தது என்று 2023 இல் அங்கத்தைய வர்த்தக ஆணைக்குழு 78 லட்சம் டொலர் கட்டவைத்தது. ஒருவருடைய மனதுக்குள் இருப்பதை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் பார்ப்பது களவு என்று அடுத்த வரியில் எழுதப்போனேன். கை ஓடவில்லை.

மேலே ஓர் இடத்தில் நான் பிடிபட்டுவிட்டேன், நீ கவனித்திருப்பாய். வெறும் சத்தத்தைத் தள்ளிவிடுகிறவளுக்கு நீ ஒரு நாளும் விடவில்லை என்று எப்படித் தெரியும்?

விரல் தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். பொய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையை யன்னலடிக்கு இழுத்துப்போட்டு, இருந்து பார்த்தேன். ஒருவருடைய கோவையையும் வீட்டுக்குக் கொண்டுவராதவள், பெற்ற பிள்ளையின் கோவையைத் திறந்து பார்த்தேன். மாதம் மாதமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. எல்லாம் அந்த நடு முகம். ஞாயிறுகளில் மட்டும் ஒரு படி கீழே. எண்ணினேன். பதினான்கு ஞாயிறில் பதினொன்று.

ஞாயிறு நீ என்னோடு கதைக்கும் நாள்.

நான் என்ன கதைக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாதகம், சம்பளம், அக்கா வீடு வாங்கியது, அப்பா இருந்திருந்தால் என்ற கதை. வைத்தபிறகு ‘பிள்ளையோடு கதைத்தது எனக்கும் தெம்பு, அவனுக்கும் தெம்பு’ என்று ராணி அன்ரியிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்த மூன்று பேரைக் காட்டினவர்களில் ஒருத்தி நான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உன் ஓ.எல். சோதினை வருடம், அப்பாவின் விஷயம் நடந்த அந்த மாசி. குசினி வாசலில் நின்று, ‘அம்மா, ஒன்று சொல்லவேணும்’ என்றாய். நான் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். ‘இண்டைக்கு ஏழு பேரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறன், பிறகு சொல்லு’ என்றேன். நீ கொஞ்ச நேரம் கதவுச் சட்டத்தில் நகத்தால் கீறிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டாய். பிறகு நீ சொல்லவில்லை. என்னவென்று நானும் இன்றுவரை கேட்கவில்லை. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது, பெயின்ற் அடித்தபோதும் மறையவில்லை.

இப்போது கேட்கிறேன். போனில் கேட்க இரண்டு ஞாயிறு முயன்றேன், வாய் கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டது. தம்பி, போன இரண்டு வாரத்தில், செத்துப்போனால் நல்லது என்றோ, உன்னை நீயே ஏதும் செய்துகொள்ள வேண்டும் என்றோ எப்போதாவது நினைத்தாயா? ஓம் என்றால் ஓம் என்று சொல்லு. நான் அழமாட்டேன், அடுத்த பிளேனில் வந்து நிற்கவும் மாட்டேன், நீ வரச்சொன்னால் மட்டும் வருவேன். எனக்குச் சொல்ல மனமில்லையென்றால் அக்காவுக்குச் சொல்லு. அவளுக்கும் இல்லையென்றால் அங்கே 13 11 14 க்கு எடு, எந்த நேரத்திலும் ஆள் இருக்கும்.

14ஆம் திகதி வரை இதை வைத்திருக்க என்னால் முடியாது. ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புகிறேன். எழுத்து விளங்காவிட்டால் கேள்.

இந்த ஞாயிறு உனக்கு விருப்பமென்றால் எடு. எடுத்தால் நீ கதை, நான் கேட்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணி ஆகி அது சத்தம் போட்டது. தள்ளவும் இல்லை, திறக்கவும் இல்லை, மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உன் கணக்கிலிருந்து இந்தப் போனை அங்கிருந்தபடியே நீக்கலாமென்றால் நீக்கிவிடு. தூள் ஒரு கிலோ காணுமா, இரண்டு போடவா?

அம்மா
வெள்ளவத்தை