மேக்கணக்கு முதியோர் பகல்நேர நிலையத்தின் வரைபடத்தை மாற்றித் தருமாறு மீண்டும் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நுவரெலியா மாவட்டம்.

கிராம உத்தியோகத்தர் ஊடாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக எங்கள் முதியோர் சங்கம் முன்பு எழுதிய கடிதங்கள் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். அவற்றுக்குப் பதில் இல்லை. கடைசியாக ஒரு வரைபடத்தின் போட்டோ பிரதி மட்டும் வந்தது, கூட ஒரு வரி கடிதம்கூட இல்லை. அதில் தமிழ் ஒரு எழுத்தும் இல்லாததால் கொழும்பில் மேசன் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர்தான் தீபாவளிக்கு வந்தபோது வாசித்து விளக்கினார். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு உங்களுக்குத் தெரியாத இடமில்லை. தேயிலை ஸ்டோரைத் தாண்டி மேலே ஏறும் வளைவு, மாரியம்மன் கோயில், அதற்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன, இப்போது பூட்டிக்கிடக்கும் பழைய பிள்ளைக்காம்பரா, எல்லாம் நீங்கள் பார்த்ததுதான்.

பகல்நேர நிலையம் தருவதாகச் சொன்னதற்கு நாங்கள் மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் அந்த வரைபடத்தில் உள்ளபடியே கட்டினால் எங்கள் கிழவன் கிழவி ஒருவரும் அதில் போய் உட்கார மாட்டார்கள். அது கீழ்நாட்டுக்குப் போட்ட வரைபடம். சுவரின் மேல்பாதி காற்றுத் துளைக் கல், முன்பக்கம் வெறும் கம்பிக் கிராதி, மேலே தகரம், கீழே வழுக்கும் டைல். புத்தளத்தில், குருநாகலில் அது நல்ல கட்டிடம். இங்கே மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் மழையும் மூடுபனியும்தான்.

எங்கள் கோரிக்கைகள்:

1. முதலும் கடைசியும் குளிர்தான் ஐயா. உங்களுக்குப் பகலில் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று தெரியாது, ஏனென்றால் அதிகாரிகள் வரும் நாளில் எல்லோரும் வீட்டில் இருக்கிறோம், அடுப்பும் எரிகிறது, தேத்தண்ணீர் தருகிறோம். மற்ற நாளில் ஏழு மணிக்குள் மகளும் மருமகளும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். போகும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் போவார்கள். கண் தெரியாத, கை நடுங்கும் மனுசி தனியாக நெருப்போடு இருந்தால் என்ன ஆகும், ஒரு காம்பராவில் தீ பிடித்தால் தொங்கல் வரைக்கும் முழு லயமும் போய்விடும், அந்தப் பயம். மருமகள்களைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவர்கள் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு வரும் மட்டும், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள், ஒரு சின்ன ஜன்னல், அதுவும் சாக்கு அடைத்தது, காயாத துணி கொடியில் தொங்க, நெருப்பு இல்லாமல் அந்த மனுசி உட்கார்ந்திருக்க வேண்டும். சுவர் ஈரம், தரை ஈரம், கம்பளி ஈரம். முப்பது நாற்பது வருஷம் மழையில் நின்று கொழுந்து எடுத்த முட்டி அது. கதவைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் மூடுபனி உள்ளே வரும். சூடாக ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் பிளாஸ்கில் இருப்பது பத்து மணிக்கே ஆறிவிடும். எங்களுக்குக் கதிரை, டீவி, கரம் போர்டு ஒன்றும் முக்கியமில்லை. பகலில் சூடாக உட்கார ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

2. அந்தச் சூட்டை ஹீட்டர் போட்டுத் தர வேண்டாம். கரண்ட் பில்லை யார் கட்டுவது? மூன்று மாதம் கட்டுவீர்கள், அப்புறம் பூட்டு. கட்டிடமே சூட்டைப் பிடித்து வைக்கிற மாதிரிக் கட்டலாம், மேசன் தம்பியோடு உட்கார்ந்து பேசித்தான் இதை எழுதுகிறோம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், பனி கொட்டும் அந்த மாதங்களில்தான் காலை வெயிலும் நன்றாக அடிக்கும். அதனால் கிழக்கிலும் தெற்கிலும் கண்ணாடி ஜன்னல் வையுங்கள். காற்றும் சாரலும் அடிக்கும் மேற்குப் பக்கத்தை மூடுங்கள். (உங்கள் வரைபடத்தில் கிராதி போட்ட முன்பக்கம் நேரே மேற்கைப் பார்க்கிறது!) தகரத்துக்குக் கீழே வெப்பம் தடுக்கும் ஷீட்டும் சீலிங்கும் வேண்டும், இல்லாவிட்டால் இரவுக் குளிரில் தகரத்தின் அடியில் வேர்த்து விடிய விடிய தலையில் சொட்டும். ஆஸ்பெஸ்டஸ் வேண்டாம். சமையலறையைத் தனியாகப் பின்னால் தள்ளாமல் உட்காரும் அறையோடு ஒட்டி, புகைபோக்கியை நடுச்சுவரில் ஏற்றினால் மதியச் சோறு வேகும் அதே விறகில் சுவரும் சூடாகும். கிளை வெட்டிய விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. ஜன்னலைத் தாழ்வாக வையுங்கள். நான்கு அடி உயரத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு வானம் மட்டும்தான் தெரியும், மலையும் ரோட்டில் போகிற ஆளும் தெரிய வேண்டாமா?

3. பழைய பிள்ளைக்காம்பராவை இடிக்க வேண்டாம். நான் அதில் ஆயாவாக இருந்தவள், எனக்குத் தெரியும். ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், இன்றும் ஒரு வெடிப்பு இல்லை. கூரையையும் தரையையும் மாற்றினால் பாதி நிலையம் தயார். புதுச் சீமெந்தும் மணலும் லொறியில் இவ்வளவு மேலே ஏற்றுகிற செலவும் மிச்சம்.

4. கக்கூஸ். இதை எழுதக் கூச்சம், ஆனால் எழுதாமல் முடியாது. வரைபடத்தில் அது வெளியே, ஐந்து படி இறங்கி, பின்பக்கம். லயத்திலும் அப்படித்தான் என்பதால் எங்கள் பாட்டிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், பிறகு நீர்க்கடுப்பு என்று டிஸ்பென்சரியில் வரிசை. கக்கூஸ் உள்ளேயே, படி இல்லாமல், கொமட்டோடு, பிடித்து எழும்பக் கம்பியோடு வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் தூக்குவது? வாசலுக்குச் சாய்வுப் பாதை, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பொதுக் கட்டிடங்களில் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது, இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை. திறப்பு விழாக் கல்லுக்கு வரைபடத்தில் அளவோடு இடம் குறித்திருக்கிறது ஐயா, கக்கூஸுக்குக் கைப்பிடி குறிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

5. மண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் இடத்தைப் பார்த்து அறிக்கை தராமல் ஒரு கல் வைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. மேட்டுப் பக்கம் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பி, கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்தால் பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் பிடிக்கும் பீலி வற்றும்போதும் உதவும்.

6. காணி. உங்கள் அலுவலகத்தில் கேட்டால் காணி கம்பனி கையில் என்கிறார்கள். தோட்ட ஆபீசில் கேட்டால் அரசாங்கக் காணி, நாங்கள் குத்தகைக்காரர்தான், செயலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனதிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை கிழமாகிவிட்டது. தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்ய 2018இல் சட்டமும் திருத்தியாகிவிட்டது. இன்னும் யாரைக் கேட்க வேண்டும், சொல்லுங்கள், அவரையும் கேட்கிறோம். 2023இல் எங்கள் மக்கள் இங்கே வந்து இருநூறு வருஷம், மலையகம் 200 என்று மேடை போட்டு மாலை போட்டார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தது இந்தக் கிழவிகளைத்தான். போட்டோ எடுத்து முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போனது அதே ஈரக் காம்பராவுக்கு.

7. வரைபடத்தை மாற்றுங்கள். தயவுசெய்து மாற்றுங்கள்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதானவர்களை முதியோர் என்கிறது, எங்கள் பட்டியலில் எண்பது தாண்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்ப்போம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிடத்தைப் பெரிதாகக் கேட்கவில்லை, சின்னதாகவே கட்டுங்கள், சூடாகக் கட்டுங்கள். படம் வரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரை ஜூலை மாதம் ஒரு வேலை நாளில், சொல்லாமல், காலை பத்து மணிக்கு மேக்கணக்குக்கு அனுப்புங்கள். ஒரு காம்பராவில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி உட்காரட்டும், பிறகு வரைபடத்தை அவரே மாற்றிவிடுவார்.

பதிலைத் தமிழில், எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
மேக்கணக்கு முதியோர் சங்கம்

(கையெழுத்துப் பட்டியல் இணைத்திருக்கிறது. பலர் பெருவிரல் ரேகைதான் வைத்திருக்கிறார்கள், அதைக் காரணம் காட்டி மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.)