எடையோடு பேச்சையும் கேளுங்கள்

சேலம் மாவட்டக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும்,

வணக்கம். சேலத்தின் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும் குடும்பங்கள் பல உண்டு. அங்கு வரும் பணியாளர்கள் குழந்தையின் எடையையும் உயரத்தையும் தவறாமல் குறித்துக்கொள்கிறார்கள். அது என்னென்ன சொற்கள் பேசுகிறது என்று கேட்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அதையும் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இரைச்சலுக்கு நடுவே புதிய சொல்லைப் பிரித்துக் கேட்பது, பெரியவர்களைவிடச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கடினம். தறியை நிறுத்தச் சொல்ல எவருக்கும் வாய் வராது. அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் மின்சாரம் நின்ற பொழுதும், சோறூட்டும் வேளையும், குளிப்பாட்டும் வேளையும் எல்லா வீட்டிலும் உண்டு. அப்போது குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து பேசச் சொல்லுங்கள். அது “தண்ணி” என்றால் செம்பை நீட்டிவிட்டு நகராமல், “தண்ணி வேணுமா கண்ணு? சில்லுனு இருக்கா?” என்று கேட்டு, மறுமொழிக்குச் சற்றுக் காத்திருந்தால் போதும், மழலையைத் திருத்தி அதட்ட வேண்டியதில்லை. சோறூட்டுவதற்குக் கைப்பேசியைக் காட்டினால் இந்தப் பேச்சும் நின்றுவிடும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசுவோரிடம், “தமிழிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் குழந்தை குழம்பிவிடும்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பாட்டிக்குச் சரளமாக வரும் மொழியைத் தடுத்தால் அவர் பேசுவதே குறைந்துபோகும்.

“அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்ற ஆறுதல் எங்கள் தெருக்களில் தாராளமாகக் கிடைக்கும். அதை நம்பி ஆண்டுகளை இழக்க முடியாது. இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தைக்கும், பேர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கும் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால சுவஸ்திய காரியக்கிரம் என்னும் தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் பரிசோதனையில் காது கேளாமையும் பேச்சுத் தாமதமும் அடங்கும். அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அந்த நாளை ஒரு வாரம் முன்பே வீடுவீடாகச் சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்தால், அரை நாள் கூலியை விட்டாவது தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டைவாசி ஒருவர்