லொறி யாருடையது, டீசல் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். பதவிக்காலம் 2018 இல் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் நம் மாகாணம் காணப்போகும் முதலாவது மாகாண சபைத் தேர்தல் அதுதான். வேட்புமனு கோரும் முன்பே இந்தச் சட்டத்தின் பிடி எது, ஓட்டை எது என்று மலையக வாக்காளர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எவ்வளவு செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பைத் தேர்தல்கள் ஆணைக்குழு வகுக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா, மொத்தம் 186 கோடி ரூபாவுக்கும் மேல். அதில் 60 சதவீதம் வேட்பாளர் கையில், மீதி கட்சிச் செயலாளர் கையில். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவும் செலவும் காட்டும் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். அரச திணைக்களம், கூட்டுத்தாபனம், வெளிநாட்டு அரசு, வெளிநாட்டு நிறுவனம், பெயர் சொல்லாத கொடையாளி ஆகியோரிடம் கை நீட்டக் கூடாது. ஆனால் ஒரே ஆள் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. தேர்தல் செலவு முழுவதையும் ஒரே கொந்தராத்துக்காரர் தூக்கிச் சுமந்தாலும் அது சட்டப்படி சரியே.

நம் பக்கம் கொடை காசாக வருவது குறைவு. கூட்டத்துக்கு ஆள் ஏற்றும் லொறி சாரதியோடும் டீசலோடும் வருகிறது. கோயிலுக்குக் கூரைத் தகரம், இளைஞர் கழகத்துக்கு ஜெர்சி, ஒலிபெருக்கி, சாப்பாட்டுப் பார்சல் என்று வருகிறது. இவற்றைச் சந்தை விலைக்குக் கணக்கிட்டு எழுதாவிட்டால் அறிக்கையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். தகரம் வேட்புமனுவுக்கு இரண்டு மாதம் முன்னரே ஏறிவிட்டால் அது ‘தேர்தல் செலவு’ என்ற கணக்குக்குள் வராமலே போய்விடும். பெரிய கொடைகள் முன்கூட்டியே வருவது இதனால்தான். பக்தி மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

பெருந்தோட்டக் கம்பனிகளின் செல்வாக்கையாவது கண்ணால் பார்க்கலாம். சம்பள நிர்ணய சபையில் முதலாளிமார் பிரதிநிதிகளுக்கு ஆசனம் உண்டு. அங்கே தோற்றால் நீதிமன்றம் போகிறார்கள். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வந்த வர்த்தமானியை உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைநிறுத்தியது. செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. பிடிக்கிறதோ இல்லையோ, எல்லாம் பதிவில் இருக்கிறது. மதுபான அனுமதிப்பத்திரம், கற்குவாரி, வீதி வேலை ஆகியவை யாருடைய சிபாரிசில் போகின்றன என்பதுதான் பதிவில் இல்லை. 2024 டிசம்பரில் மதுபான அனுமதிப் பட்டியல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதும் சிபாரிசு செய்தவர்களின் பெயர் அதில் இருக்கவில்லை.

இன்னொரு பக்கம் நம் தொழிற்சங்கங்கள். இங்கே சங்கமே கட்சி, கட்சியே சங்கம். மாதச் சந்தா செக்ரோலிலேயே, அதாவது தோட்டச் சம்பளப் பதிவேட்டிலேயே, கழிகிறது. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அரசியல் வேலைக்குத் தனி நிதி வைக்க அனுமதிக்கிறது. ஆனால் அதற்குக் காசு கொடுக்கும்படி எந்த அங்கத்தவரையும் கட்டாயப்படுத்த முடியாது. பொதுச் சந்தாவிலிருந்து சுவரொட்டி அடித்தார்களா, தனி நிதியிலிருந்தா என்று சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால், சங்கங்கள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் அனுப்பும் கணக்கைக் கேட்கலாம்.

வேட்பாளர்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட உரிமை உண்டு. முதலில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வேட்பாளர் பெயரையும் தேர்தல் ஆண்டையும் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். தருவார்களா மாட்டார்களா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ‘எல்லா ஆவணமும் வேண்டும்’ என்று எழுதினால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஒரு சாட்டு கிடைத்துவிடும்.

அறிக்கை கைக்கு வந்ததும் வாகனச் செலவை முதலில் பாருங்கள். ஊர் ஊராகக் கூட்டம் வைத்தவரின் கணக்கில் டீசலுக்குக் காசே இல்லையென்றால், அந்த வாகனம் வேறு யாருடையதோ. கொடையாளிகள் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, ‘சொந்தப் பணம்’ என்று எழுதப்பட்ட தொகை. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வேட்பாளர் கொடுத்த சொத்துப் பிரகடனத்தோடு அது பொருந்த வேண்டும். கடைசியாக, கொடையாளிகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் உங்கள் பிரதேச சபையின் கேள்விப்பத்திர (டெண்டர்) முடிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்த காசு திரும்பி வருவதற்கு அவ்வளவு காலம் எடுக்கும்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் வென்றவர்களின் அறிக்கைகளைப் பெற்று, கொடையாளிகள் பட்டியலை மட்டுமாவது தமிழில் பிரசுரியுங்கள்.

வாக்காளர் ஒருவர்,
ஹட்டன்.